எங்கள் தொழுவத்து மிளா

எழுபதுகளின் கடைசியில், வட்டவடையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஓர் இளம் ஆராய்ச்சியாளர் குடியிருந்தார். மிளா எனும் பெரிய காட்டுமானில் பெண் ஒன்றை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டி விட்ட பிறகுதான் எங்கள் ஊருக்கு வந்திருந்தார். ஏரியலும் பட்டையின் சத்தத்தைக் கேட்கும் பெட்டியுமாக மேடு மேடாக அலைவார். பெட்டியில் டிக் டிக்கென்று கேட்டால் அந்தத் திசையில் மிளா. சத்தம் பாறையில் பட்டுத் திரும்பினால் இல்லாத பக்கத்தில் கேட்கும் என்றும், மிளா நனைந்த சோலைக்குள் போய்விட்டால் கேட்கவே கேட்காது என்றும் அலுத்துக்கொள்வார்.

மழை விட்டதும் சத்தம் ஊர்ப்பக்கம் நகர்ந்தது. பகலில் பூண்டுக் காட்டுக்கு மேலே புல்வெளி, சாயங்காலம் வீடுகளுக்கு அருகே. பக்கத்தில் போனால் மிரண்டுவிடும் என்று அவர் எதிர்மேட்டிலிருந்தே கேட்டார். வீட்டுக்கு வந்ததும் பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பெட்டியை அணைத்துவிடுவார்.

"மிளா மனுஷங்களுக்குப் பழகிடுச்சு அக்கா. இதை யாரும் இதுவரைக்கும் பார்த்ததில்லை" என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது.

செய்தி கேட்டு அவருடைய பேராசிரியர் ஜீப்பில் வந்தார். அன்று சாயங்காலம் இருவரும் சத்தத்தைத் தொடர்ந்து இறங்கினார்கள். நான் பால் கறந்துகொண்டிருந்தேன். தொழுவத்து வாசலில் பெட்டி விடாமல் அடித்தது. பேராசிரியர் குனிந்து, எங்கள் செவலைப் பசுவின் கழுத்தில் மணி தொங்கிய பட்டையைத் திருப்பினார். சேற்றுக்கு அடியில், ரேடியோப் பட்டையின் சின்ன உலோகப் பெட்டி இருந்தது.

என் கணவர் புல்கட்டோடு வந்து நின்றார்.

"பாறை இடுக்குல கெடந்துச்சு சார். வீணாப் போவுதேன்னு மாட்டுக்குக் கட்டிட்டேன்."

பேராசிரியர் சிரித்துவிட்டார். இளையவர் சிரிக்கவில்லை, காது மடல் சிவந்திருந்தது. "திருகாணி துருப்பிடிச்சு மிளா கழுத்திலேர்ந்து விழுந்திருக்கு" என்று மட்டும் சொல்லிப் பட்டையை அவிழ்த்தார். தினமும் அந்தக் கழுத்தைத் தடவித்தான் பால் கறந்தேன். செம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இளையவர் திட்டியிருந்தால்கூட நிமிர்ந்து பார்த்திருப்பேன்.

அவர்கள் போனதும் கணவரிடம் கேட்டேன். "அது சாரோடதுன்னு நெசமாவே ஒங்களுக்குத் தெரியாதா?"

அவர் பசுவுக்குப் புல்லை உதறிப் போட்டார்.

ஆராய்ச்சியாளர் அந்த வாரமே புறப்பட்டார். ஜீப்பில் ஏறும்போது, "உங்க சாப்பாட்டை மறக்க மாட்டேன் அக்கா" என்றார். அதன்பிறகு முன்னறையை வாடகைக்குக் கேட்டு வந்தவர்களிடம், இடமில்லை என்றே சொல்லி அனுப்பினேன்.