இரண்டு மூக்கு வீரன்

கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்தே என் தலை நரைத்தது. போன மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சினன் ஒரு சூப்பர் ஹீரோ காமிக்ஸை நீட்டினான். வீரனின் முகத்தில் சிவப்பு ஒரு பக்கமும் நீலம் ஒரு பக்கமுமாக விலகி, அவனுக்கு இரண்டு மூக்கு. கன்னமெல்லாம் கடுகளவு புள்ளிகள்.

“கலர் விலகியிருக்கே, திருப்பிக் கொடுக்கலையா?” என்றேன்.

“இல்ல அத்தான், பழைய மெஷின்ல அடிச்ச மாதிரி வேணும்னே கம்ப்யூட்டர்ல செஞ்சிருக்காங்க. புது முயற்சி.”

முயற்சியாம்! என் மெஷினிலும் ஒருமுறை இப்படித்தான் சிவப்பு விலகி, பத்திரிகையில் பிள்ளையார் இரண்டு தும்பிக்கையோடு வந்தார். மன்னார்குடியிலிருந்து வந்த பெண்ணின் அப்பா, “அபசகுனமா அடிச்சு வச்சிருக்கீங்களே!” என்று கட்டோடு மேஜையில் போட்டார். நான் கலைஞன் என்பது அன்று எனக்கே தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டு, மறுபடி அடித்துக் கொடுத்தேன். சாமி படத்தைக் குப்பையில் போடக்கூடாது என்று, கெட்டுப்போன கட்டுகளை அரசலாற்றில் விட்டேன்.

வீரனுக்கு அந்த மரியாதை எதற்கு? மச்சினன் ஊருக்குப் போனதும், மெஷினில் மசி துடைக்க ஒரு பக்கத்தைக் கிழித்தேன். வழவழவென்று இருந்த தாள் மசியை உறிஞ்சவே இல்லை. அதற்குக்கூட உதவவில்லை.