சின்ன ரவை

எங்கள் வீட்டில் துவக்கு இருக்கிறது என்று சொன்னால் தமிழ் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்து, எதற்கு என்று கேட்பார்கள். சுடுவதற்கு என்பேன். வேறு என்ன சொல்வது? சோறு காய்ச்சவா வாங்கினேன்?

பேர்ண் நகர மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. வீடு ஓஸ்டர்முண்டிகனில். என்னோடு ஒரே பிரிவில் வேலை செய்யும் சுவிஸ்காரி ஒருத்தி, என் வயதுதான், அவள்தான் ஒரு கோடைத் தொடக்கத்தில் தன் ஊர்த் துவக்குச் சூட்டு விழாவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளைகள் சொசேஜ் தின்றுகொண்டு ஓடித் திரிந்தார்கள். பெண்கள் கேக் விற்றார்கள். கிழவர்கள் தோளில் நீளத் துவக்குகளைத் தொங்கவிட்டபடி பியர் குடிக்க வரிசையில் நின்றார்கள். நான் வேலிக்குப் பக்கத்தில் விறைத்துப்போய் நின்றேன். யாழ்ப்பாணத்தில் பதின்மூன்று வயதுவரை நான் கண்ட துவக்குகள் எல்லாம் எதிர்ப்பக்கத்தில் இருந்து கண்டவை. அதன் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துத்தான் நாங்கள் பள்ளிக்கூடம் போனோம்.

தோழி என் நிலையைக் கவனித்தாள். திரும்பிப் போவோமா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டுச் சுடுகிறவர்களின் வரிசையில் போய் நின்றேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரு முறையாவது அதன் பின்பக்கத்தில் நிற்க வேண்டும்போல் இருந்தது. அவ்வளவுதான். நான் சுட்ட முதல் ரவை மண்ணுக்குள் போனது. இரண்டாவது எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் வீடு திரும்பும்போது பல வருடங்களுக்குப் பிறகு ஏதோ ஒன்றுக்கு எதிர்ப் பதில் சொல்லிவிட்டு வந்ததுபோல் இருந்தது.

அந்த வருடமே தோழியின் கைத்துப்பாக்கிக் கழகத்தில் சேர்ந்தேன். பிறகு சொந்தமாக ஒன்று வாங்க விண்ணப்பித்தேன். இந்த நாட்டில் சில நாட்டவர்கள் ஆயுதம் வாங்க முடியாது. அந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. நான் அதற்கு முன்பே சுவிஸ் குடியுரிமை எடுத்துவிட்டதால் எனக்குத் தடை இல்லை. என் கணவர் இன்றுவரை இலங்கைக் கடவுச்சீட்டுத்தான் வைத்திருக்கிறார். ஆகவே ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் படுக்கும் இரண்டு பேரில் ஒருவர் வைத்திருக்கலாம், மற்றவர் தொடவும் கூடாது.

அவருக்குத் தொடும் ஆசையும் இல்லை. இளம் வயதில் கொழும்பில் துவக்கோடு வந்தவர்கள் பிடித்துக்கொண்டு போய் அடைத்துவைத்து, பிறகு வெளியே விட்ட ஆள் அவர். அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை, நானும் கேட்பதில்லை. அனுமதிப் பத்திரம் வந்த அன்று மேசையில் எதிரெதிரே இருந்தோம்.

"இந்த வீட்டுக்குள்ள துவக்கு வேண்டாம். உமக்கு விளையாட வேற ஒண்டும் கிடைக்கேல்லையே?"

"கிடைச்சது. இதுதான் பிடிச்சிருக்கு."

"எங்க வைக்கப்போறீர்?"

"இரும்புப் பெட்டி ஒண்டு அலுமாரிக்குள்ள சுவரோட பூட்டப்போறன். திறப்பு என்னட்டத்தான் இருக்கும். ரவை வேற இடத்தில இருக்கும்."

"அந்த அலுமாரிக்குள்ளதான் என்ர சேட்டும் தொங்குது" என்றார்.

அடுத்த நாள் சேட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போய், வளர்ந்து வீட்டை விட்டுப் போய்விட்ட எங்கள் பிள்ளையின் பழைய அறை அலுமாரியில் தொங்கவிட்டார். கோபமாகச் செய்யவில்லை. அமைதியாகச் செய்தார். அதுதான் எனக்கு வலித்தது. ஆனாலும் பெட்டியை நான் கழற்றவில்லை.

வாங்கியது ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி. பழையது, நல்ல நிலையில் இருந்தது. ஒவ்வொரு வியாழனும் வேலை முடிந்து சூட்டு அரங்குக்குப் போவேன். பல மாதங்கள் சுட்டும் என் ரவைகள் இலக்கு வட்டத்துக்குக் கீழேயே விழுந்துகொண்டிருந்தன. பிடி சரியில்லை என்றார்கள், கண் சரியில்லை என்றார்கள். ஒரு நாள் தோழி எனக்குத் தெரியாமல், உண்மையான ரவைகளுக்கு நடுவே வெடிக்காத போலி ரவை ஒன்றைக் கலந்து தந்தாள். நான் குறி பார்த்து விசையை இழுத்தேன். 'டிக்' என்று மட்டும் கேட்டது. வெடிக்கவில்லை. ஆனால் என் கை வெடித்ததாகவே நினைத்துக் கீழே குனிந்தது. தோள் சுருங்கியது, கண் மூடியது. பக்கத்தில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள்.

"சத்தம் வருவதற்கு முன்பே நீ ஒளிந்துகொள்கிறாய்" என்றாள் தோழி. குற்றமாகச் சொல்லவில்லை. பலருக்கும் வருவதுதான், வெடித்ததும் துப்பாக்கி பின்னால் உதைக்கும் என்று கை முன்கூட்டியே பயப்படுகிறது என்றாள். எனக்குத் தெரியும், என் கை பயந்தது அந்த உதைக்கு மட்டுமல்ல. அதை அவளுக்கு ஜெர்மன் மொழியில் விளக்க நான் முயலவில்லை.

அவள்தான் வழி சொன்னாள். அதே துப்பாக்கியின் மேல்பாகத்தையும் குழலையும் ரவைக்கூட்டையும் கழற்றிவிட்டு, சிறிய ரவை சுடும் பாகங்களைப் பூட்டலாம். செய்த நிறுவனமே அப்படி ஒரு தொகுதியை விற்கிறது. கீழே கைப்பிடி அதே, விசை அதே, எடை மட்டும் கொஞ்சம் வித்தியாசம். சின்ன ரவை மலிவு. ஒரு பெட்டி பெரிய ரவையை இரண்டு பெட்டி சின்ன ரவையின் விலைக்கும் வாங்க முடியாது. சத்தம் சின்னது, உதையும் சின்னது. அந்தப் பாகங்களும் சட்டப்படி ஆயுதமாகவே கணக்கு, ஆகவே மறுபடியும் அனுமதி எடுத்தேன். கடைக்காரர் பொதியை மேசையில் வைத்து, எப்படி மாற்றுவது என்று பொறுமையாகக் காட்டினார். வீட்டில் பழைய செய்தித்தாள் விரித்துப் பழகினேன். கணவர் சமையலறையில் இருந்து வெளியே வரவில்லை.

முதல் வியாழன் அதைக் கொண்டுபோனபோது கழகத்தில் நல்ல சிரிப்பு. ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் எங்கள் கழகத்தில் இருக்கிறார். பெரிய மீசை, பெரிய குரல், நல்ல குறி. அவர் என் துப்பாக்கியை எட்டிப் பார்த்துவிட்டு, "இது ஃபாஸ்நாஹ்ட் ஊர்வலத்துக்கோ?" என்று கேட்டார். கோமாளி வேடத்தோடு கொண்டுபோகும் விளையாட்டுத் துவக்கு என்று அர்த்தம். நானும் சிரித்தேன். சுட்டேன். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், யாரோ புத்தகத்தை மூடுவதுபோல. கை குனியவில்லை. இன்னொன்று. குனியவில்லை. அன்று நான் எத்தனை பெட்டி சுட்டேன் என்று தோழி கேட்டபோது எனக்கே தெரியவில்லை. மலிவு என்றால் என்னவென்று அன்றுதான் விளங்கியது. காசை நினைக்காமல் பிழைவிடலாம், பிழைவிட்டுப் பிழைவிட்டுத் திருந்தலாம்.

சின்ன ரவை அடிக்கடி சிக்கும். சுட்ட ரவையின் வெற்றுக்கோது வெளியே விழாமல் மேல்பாகத்துக்குள் மாட்டிக்கொள்ளும். குழலின் வாயை இலக்குப் பக்கமே பிடித்தபடி நிதானமாக எடுத்துவிட்டுத் தொடர வேண்டும். ஒவ்வொரு முறை சிக்கும்போதும் பஸ் சாரதி பெருமூச்சு விடுவார். ஒரு நாள் வந்து, "வியாழக்கிழமை உண்மையான துப்பாக்கிகளுக்கு. நீங்கள் அந்தக் கடைசிச் சூட்டுத் தடத்துக்குப் போனால் நல்லது" என்றார்.

"அப்படி எந்த விதியில் இருக்கிறது?"

"விதியில் இல்லை. வழக்கம்."

"அப்படியென்றால் நான் இங்கேயே நிற்கிறேன்" என்று சொல்லிக் காதுக்கவசத்தைப் போட்டேன். காதுக்கவசத்தின் நல்ல குணம், போட்டபிறகு யாரும் பதில் சொல்ல முடியாது.

இந்தக் காலத்தில்தான் ஆராவ் நகரில் கணவரின் அக்காவின் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்கு நடந்தது. மண்டபம் நிறையச் சனம். பெண்கள் சுற்றியிருந்த மேசையில் மச்சாள், அதாவது கணவரின் அக்கா, பலகாரத் தட்டோடு வந்து உட்கார்ந்தார். அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"உண்மையோ? நீர் துவக்குச் சுடப் போறீராம்?"

"ஓம் மச்சாள். வியாழக்கிழமைகளில."

"போன கிழமை ரவை வாங்கப் போறன் எண்டு போனில சொன்னீர். நான் உப்புமா செய்யப்போறீர் எண்டெல்லோ நினைச்சன்!"

மேசை முழுவதும் சிரித்தது. நானும்தான். ஆனால் மச்சாளின் முகம் மாறிவிட்டது.

"பகிடியில்லை. துவக்காலதானே எங்கட சனம் அழிஞ்சது? அந்தக் கறுமத்தைக் காசு குடுத்து வாங்கி வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறீர். வெள்ளைக்காரன் எங்களைப் பற்றி என்ன நினைப்பான்? என்ர தம்பி பட்டதை நீர் மறந்திட்டீரோ?"

ஒரு பெண் கேசரியைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். தம்பியைப் பற்றிச் சொன்னது என்னைச் சுட்டது.

"மறக்கேல்லை மச்சாள்" என்றேன். "அவர் பட்டதும் ஞாபகம், நான் பட்டதும் ஞாபகம். சின்னனில துவக்கு வைச்சிருந்தவன் சொன்ன பக்கமெல்லாம் நான் நடந்தன். இப்ப ஒரு கடதாசி வட்டத்தைத்தான் சுடுறன். ஒரு மனிசரையும் சுடேல்லை. வெள்ளைக்காரன் குடும்பத்தோட போய்ச் சுடுறான். அவனை ஆரும் என்ன நினைப்பினம் எண்டு கேக்கினமோ? நான் மட்டும் ஏன் எல்லாருக்கும் நல்ல பேர் வாங்கிக் குடுக்கோணும்?"

"உமக்கு வாய் கூடிப்போச்சு."

"ஓம். கூடித்தான் போச்சு."

மச்சாள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். திரும்பி வரும் ரயிலில் கணவர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். பேர்ண் வந்ததும், "அக்காவோட அப்பிடிக் கதைச்சிருக்கத் தேவையில்லை" என்றார். இறங்கி நடக்கும்போது, "என்னைப் பற்றி அவ கதைச்சிருக்கவும் தேவையில்லை" என்றார்.

குளிர்காலத்தில் கழகத்தின் ஆண்டுக் கூட்டம். பஸ் சாரதி ஒரு முன்மொழிவு கொண்டுவந்தார். வியாழன் பயிற்சியில் பெரிய ரவை மட்டுமே சுடலாம் என்று. என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை. நான் அதுவரை கூட்டங்களில் வாய் திறந்ததில்லை. கோப்பி குடித்து, கை உயர்த்தி, வீடு போவதுதான் என் வழக்கம். அன்று எழுந்து நின்றேன். பேர்ண் பேச்சு வழக்கில், என் எக்ஸ்ரே நோயாளிகளோடு பேசும் அதே மொழியில் பேசினேன்.

"சந்தா எல்லோரும் ஒரே மாதிரித்தான் கட்டுகிறோம். நான் யாருடைய தடத்தையும் பிடிக்கவில்லை. என் ரவை சின்னது என்பதற்காக என் வியாழக்கிழமையும் சின்னதாகிவிடுமா? உங்களில் எத்தனை பேர் சின்ன ரவையில் சுடப் பழகினீர்கள்? கையை உயர்த்துங்கள்."

முதலில் என் தோழி உயர்த்தினாள். பின்வரிசையில் இரண்டு மூன்று கைகள். அப்புறம் பல. கடைசியில் பஸ் சாரதியே, மீசைக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு பாதிக் கையை உயர்த்தினார். அவர் நேர்மையான மனிதர், அதை நான் மறுக்கமாட்டேன். முன்மொழிவு தோற்றது. ஆதரித்தவர்களும் குறைவில்லை. அவர்களில் சிலர் இன்றைக்கும் என்னைக் கண்டால் தலையை மட்டும் அசைப்பார்கள். அசைக்கட்டும்.

வசந்தம் வந்ததும் தோழி, இனிப் பெரிய ரவைக்குத் திரும்பலாமே என்றாள். பழைய பாகங்களைப் பூட்டிக்கொண்டு போனேன். மறுபடியும் போலி ரவை கலந்து தரச் சொன்னேன். எது போலி என்று தெரியாமல் ஒவ்வொன்றாகச் சுட்டேன். 'டிக்' என்று கேட்டபோது கை அப்படியே நின்றது. தோழி என்னைக் கட்டிப்பிடித்தாள். அங்கே நின்றவர்கள் கை தட்டினார்கள், இனி நான் அவர்களில் ஒருத்தி என்பதுபோல.

அடுத்த வியாழன் சின்ன ரவையோடு போனேன். அவர்களுக்கு ஏமாற்றம். அதைப் படிக்கட்டாக நினைத்தார்கள். ஏறியபின் எதற்கு இறங்குகிறாய் என்பது அவர்களின் கேள்வி. எனக்குப் பெரிய சத்தத்தைத் தாங்க முடியும் என்று தெரிந்துவிட்டது. தாங்க முடியும் என்பதற்காகத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டுமா? வாழ்க்கையில் போதுமான பெரிய சத்தங்களைக் கேட்டாயிற்று. எனக்குப் பிடித்தது இதுதான், இதையே சுடுவேன்.

சென்ற இலையுதிர்காலத்தில் ஒரு வியாழன், நான் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது கணவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"நானும் வாறன்."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"கஷ்டமா இருந்தா எழும்பி வந்திடுவன்."

அரங்கின் பின்பக்கத்தில் கண்ணாடி அடைத்த இடத்தில் பார்வையாளர் உட்காரும் நீள வாங்குகள் உண்டு. அங்கே இருந்தார். பக்கத்துத் தடத்தில் பெரிய துப்பாக்கி வெடித்தபோது அவருடைய கைகள் முழங்காலை இறுக்கிப் பிடிப்பதைத் திரும்பிப் பார்த்தேன். நிறுத்தட்டுமா என்று சைகையால் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். நான் சுட்டேன். ஒருமுறை சிக்கியது, எடுத்தேன், தொடர்ந்தேன். திரும்பிப் பார்த்தபோது கைகள் தளர்ந்திருந்தன, கழுத்தை நீட்டி வட்டத்தைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது கேட்டார்:

"உம்மட சத்தம் உதுதானோ?"

"ஓம். இவ்வளவுதான்."

பிறகு, இனி வியாழக்கிழமைகளில் இரவுச் சாப்பாட்டைத் தானே செய்வதாகச் சொன்னார். சேட்டுகள் இன்னும் அந்த அறையில்தான் தொங்குகின்றன. மச்சாள் இன்னும் என்னோடு முழுதாகக் கதைப்பதில்லை. நான் வியாழக்கிழமைகளில் போகிறேன்.