பூஜைத் தட்டும் கழிவு பம்பும்

செகந்திராபாத் ஏரியில் ஓடும் விருந்துப் படகு ஒன்றில் நான் ஃபிட்டர். பிறந்தநாள், நிச்சயதார்த்தம் என்று ஆட்கள் ஏறுவார்கள். மேலே பாட்டும் பிரியாணியும், கீழே கழிவறைத் தொட்டி. அது நிறைந்ததும் படகைக் கரையில் கட்டி, பம்பைப் போட்டு, எல்லாவற்றையும் சாக்கடைக் குழாய்க்குத் தள்ள வேண்டும். அந்த பம்ப்தான் என்னைப் பிடித்த சனி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து உள்ளே ரப்பரை மாற்றுவேன். குட்கா பாக்கெட், ஈர டிஷ்யூ, ஒருமுறை குழந்தையின் டயப்பர்கூட வந்தது. ஏறுகிறவர்கள் எல்லாரும் படித்தவர்கள்தான்.

ஆனால் ஆயுத பூஜையன்று படகின் இயந்திரங்களுக்குச் சந்தனம், குங்குமம் வைப்பவன் நான். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அப்பா லேத்துக்குப் பொட்டு வைத்ததைப் பார்த்து வளர்ந்தவன். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் படகில் எனக்கு மரியாதை. அதற்கென்றே பட்டுக்கரை வேட்டி ஒன்று வைத்திருந்தேன்.

போன வருஷம் பூஜையன்று காலையில் பம்ப் உயிரை விட்டது. சாயங்காலம் விருந்து, தொட்டியோ கழுத்துவரை. புது பம்ப் மூன்று மாதமாக அட்டைப் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தது. "பழசு ஓடுற வரைக்கும் ஓடட்டும்ணே" என்று மானேஜர் சொல்லியிருந்தார்.

வேட்டியை மாற்றிவிட்டு இறங்கினேன். கழிவறை சுத்தம் செய்யும் அம்மா டார்ச் பிடித்தார். தொட்டி வால்வை அடைத்தேன். துருப்பிடித்த போல்ட் அசையாததால் ஹேக்சாவால் அறுத்தேன். குழாயைக் கழற்றியதும் உள்ளே மிச்சமிருந்தது முழங்கைவரை வழிந்தது. புதியதைப் பொருத்தி, கிளாம்பை முறுக்கி, நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்த்தேன். ஒழுகவில்லை. தொட்டியும் காலியானது.

இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு மேலே போனேன். தட்டுக்குக் கை நீட்டியதும் மானேஜர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வசதியானவர்கள் இருக்கும் கச்சிபௌலியில் அடுக்குமாடிக்காரர், நம் தமிழர்தான்.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே. இன்னிக்கு அந்தத் தொட்டி வேலையில கை வெச்சிட்டீங்க. ஓனர் வீட்டம்மா வேற வந்திருக்காங்க. இந்த வருஷம் நானே வெச்சிடறேன்."

"குளிச்சிட்டுதாம்பா வந்தேன்" என்றேன். கெஞ்சலாக வந்த என் குரலை நினைத்தால் இப்போதும் அவமானமாக இருக்கிறது.

எஞ்சின், ஜெனரேட்டர், பாப்கார்ன் மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். கழிவு பம்புக்கு இல்லை. அதற்கு நானும் ஒரு வருஷம்கூட வைத்ததில்லை.

கீழே வந்து உட்கார்ந்தேன். டார்ச் பிடித்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர்.

"கோவம் நக்கோ சார், வேணாம்" என்றார். "கொஞ்சம் இருங்க. மேல எல்லாருக்கும் குடுத்த பொறவு பொரிகடலை இங்கயே வரும். காயிதத்துல மடிச்சு அந்தப் படியில வெச்சிட்டுப் போவாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டேன்.

"என்ன சார் இப்டி கேக்கறீங்க? ஒம்போது வருசமா நீங்கதானே வெச்சிட்டுப் போனீங்க."