சங்கரா மீனின் செவுள்

ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளாண்டுக்கு மேலே ஒரு அறையில் நானும் என் நண்பனும் கம்பெனி நடத்தினோம். கம்பெனி என்றால் இரண்டு லேப்டாப், ஒரு ஃபேன், கீழேயிருந்து ஏறிவரும் குளிர். இப்போது எனக்கு ஏசி ஆபீஸ், சுழல் நாற்காலி எல்லாம் உண்டு. இருந்து என்ன, அந்த அறை மாதிரி வராது.

மீனைப் போனில் படம் பிடித்தால் புதிதா, கெட்டதா என்று சொல்லும் ஆப் அது. படங்களைக் காட்டி அதன் மூளையான மாடலைப் பழக்கியது நான், பைத்தான் மொழியில். போனுக்குள் ஓடவைத்தது அவன், ஜாவாவில். ஏலத்தில் மீன் எடுக்கும் வியாபாரி அக்கா ஒருத்தர், ஆப் சரியாகச் சொன்னால் தன் ஆட்கள் எல்லோருக்கும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் அவன் அங்கே இருந்தான். சொந்த ஊரான குளத்தூரில் அவன் அப்பா சிங்கப்பூர் வேலைக்கு எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார். அக்கா கைவிரித்தால் அவன் கிளம்ப வேண்டியதுதான்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கரை திரும்பிய காலையில், அக்கா ஒரு சங்கராவின் செவுளைத் தூக்கிக் காட்ட, அவன் படம் எடுத்தான். 'கெட்டது' என்றது போன்.

"ஏந்தம்பி, இப்பத்தான் படகுலேருந்து எறக்குனது. இதப் போயி நாறிப்போச்சுங்குதே ஒங்க போனு! மத்தியானத்துக்குள்ள சரி பண்ணிட்டு வாங்க. இல்லன்னா ஆள விடுங்க."

அறைக்குத் திரும்பி அதே படத்தை என் லேப்டாப்பில் போட்டேன். 'புதிது' என்றது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஒன் ஜாவாவத் தூக்கிக் கடல்ல போடுடா!"

"ஓம் பைத்தான் மட்டும் ரொம்ப ஒழுங்கோ? போன வாரம் வரைக்கும் ரெண்டும் ஒண்ணாத்தானே மாப்ள சொல்லுச்சு?"

இன்றைக்கு ஆபீசில் இப்படி நேர்ந்தால் மெயில் அனுப்புகிறார்கள். வாய்விட்டுச் சண்டை போட ஒரு ஆள் இல்லையே என்று ஏக்கமாக இருக்கிறது.

அன்று இருவரும் கத்தி ஓய்ந்தபின், செவுளில் ஒரே புள்ளியின் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிற எண்களை ஆளுக்கொரு பக்கம் படித்தோம். அவனுக்கு முதலில் இருந்த எண் எனக்குக் கடைசியில் இருந்தது. அடச்சே! என் பக்கம் படத்தைத் திறக்கும் ரெடிமேட் நிரல் நீலத்தை முதலில் எடுக்கும், அவன் பக்கம் சிவப்பை. என் வரிசையில் பழகிய மாடலுக்குப் போனில் சிவந்த செவுள் நீலமாகத் தெரிந்திருக்கிறது. தடைக்காலத்தில் நாட்டுப்படகில் வந்த வெளுத்த கணவாயையும் நெத்திலியையும் வைத்தே சோதித்திருந்தோம். வெள்ளையில் சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றினாலும் வெள்ளைதானே, எப்படித் தெரியும்!

வரிசையைத் திருப்பிப்போட ஜாவாவில் ஒரு வரி சேர்த்தான். அக்காவிடம் ஓடினோம். அக்கா நல்ல மீனையும் காட்டினார், ஒதுக்கிப்போட்ட மீனையும் காட்டினார். இரண்டையும் போன் சரியாகச் சொன்னது.

"ம், இப்பத்தான் புத்தி வந்துருக்கு. எல்லாருக்கும் போட்டுக் குடுங்க தம்பி."

அவன் அங்கேயே நின்று அப்பாவைக் கூப்பிட்டான். "அப்பா, நான் சிங்கப்பூரு போகலப்பா. இங்கயே இருக்கேன்." திட்டு விழும் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தான். எனக்கும் கேட்டது.

"அத ஒங்காத்தாட்ட நீயே சொல்லு. நீ போயிருவேன்னு ஒன் பெட்டியத் தொறந்து வச்சுக்கிட்டு காலையிலேருந்து அழுதுக்கிட்டு இருக்கா."