விழாத காசு

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் கிளிநொச்சியில் ஒருவரிடமும் கைநீட்டாமல் அரிசி மில் போட்டவன் யார் என்று கேட்டால் என்னைத்தான் காட்டுவார்கள். மண்ணெண்ணெய்க்கு ஊரே அலைந்த காலத்திலும் அதை நிறுத்தாமல் ஓட்டினேன். அப்படிப்பட்ட என்னை இரண்டு கடதாசிகள் மடக்கியதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கொண்டுவந்தவர் என் மனைவியின் தம்பி, கொழும்பில் கணக்காளர். சண்டை ஓய்ந்திருந்த சில மாதங்களில் ஊருக்கு வந்திருந்தார். பலருடைய காசைச் சேர்த்து முதலீடு செய்யும் இரண்டு யூனிட் ட்ரஸ்டுகளின் விபரம் அவற்றில் இருந்தது. ஒன்று முழுவதையும் அரசாங்கக் கடன்பத்திரத்தில் போடும். மற்றது முக்கால் பங்கை அதிலும் கால் பங்கைக் கம்பனிப் பங்குகளிலும் போடும்.

“எது விழாது?” என்று கேட்டேன்.

“ரெண்டும் பெரிசா விழாது அத்தான். கலந்தது கொஞ்சம் கூடத் தரும், ஆனா ஆடும். மற்றது மெல்லத்தான் ஏறும். வட்டி வீதம் கூடினா மட்டும் சாடையா இறங்கும்.”

“ஆடுறது எனக்கு வேண்டாம். மெல்ல ஏறுறதிலயே போடும்.”

“அப்ப மாட்டையும் நெல்லையும் வித்துப்போடுங்கோ. மாடு சாகும், நெல்லை எலி தின்னும். உதெல்லாம் ஒரு முதலீடே?”

பட்டி மாடு முழுவதையும் விற்றேன். அடுக்கி வைத்திருந்த நெல்லையும் விற்று, மெல்ல ஏறுவதிலேயே போட்டேன். மனைவி மட்டும் மறுத்துவிட்டாள்.

“உங்கட மாட்டை வித்துப்போட்டியள். என்ர தங்கக் காப்பைக் கேளாதேங்கோ.”

பிறகு சண்டை மூண்டது, கொழும்புக்குப் போகும் பாதை மூடியது. அறுவடை நேரம் பார்த்து மில் எஞ்சின் வெடித்தது. சனத்தின் ஈரநெல் மூட்டை மூட்டையாக முற்றத்தில் கிடந்தது. பூநகரியில் ஒருவரிடம் பழைய எஞ்சின் இருந்தது.

“மூண்டு நாள் பொறுப்பன் ஐயா. பிறகு கேக்கிற ஆளுக்குக் குடுத்திடுவன்,” என்றார்.

என் காசை எடுக்கக் கொழும்புக்குப் படிவம் போகவேண்டும், காசோலை வரவேண்டும், அதை மாற்ற, எல்லை தாண்ட பாஸ் எடுத்து அரசாங்கப் பக்கம் இருந்த வவுனியாவுக்குப் போகவேண்டும். கடிதம் போகவே வாரக்கணக்கு. முன்பென்றால் விடியற்காலையில் பத்து மாட்டை ஓட்டிப்போய் மத்தியானம் காசோடு வந்திருப்பேன்.

மூன்றாம் நாள் மனைவி நான்கு காப்பையும் கழற்றி மேசையில் வைத்தாள்.

“எஞ்சினைக் கொண்டுவாங்கோ. கடதாசியால நெல்லுக் குத்தேலாது.”

மில் ஓடியது. சந்தையில் அதற்குக் ‘காப்பு மில்’ என்று பெயர் வைத்தார்கள். என் முப்பது வருட உழைப்புக்குக் கிடைத்த பெயர் அது.

அறுவடை முடிந்த பிறகுதான் நான் எழுதிய கடிதத்துக்கு மைத்துனரின் பதில் வந்தது. “பயப்படாதேங்கோ அத்தான், உங்கட காசு ஒரு சதமும் விழேல்லை.”

பொய்யில்லை, விழவில்லைதான். நான் கேட்டது அந்த ஒரு கேள்வியை. பாதை பூட்டினால் காசு எந்தப் பக்கம் நிற்கும் என்று கேட்க எனக்குப் படிப்பில்லை. படித்தவர் அவர், சொல்லியிருக்க வேண்டாமா?