விரலுக்குத் தட்டாத கப்ளர்

எங்கள் பட்டறையில் மோகனப்பிரியாவைப் பின்னாலிருந்து யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். முதல் வருடம் நான் அதைத் திமிர் என்றுதான் நினைத்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மூன்று தடவை கூப்பிட்டும் திரும்பாத பெண்ணின் மேசைமேல் வரைபடத்தை வீசிவிட்டு வந்திருக்கிறேன். தரையில் காலால் ஒரு தட்டு தட்டினால் உடனே திரும்புகிறாள் என்பதை அப்புறம்தான் கவனித்தேன். அன்றிலிருந்து நான் தட்டத்தான் செய்வேன். ஏன் தட்டுகிறாய் என்று யாரும் கேட்டதில்லை, நானும் யாருக்கும் சொன்னதில்லை.

பட்டறை புதுச்சத்திரத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. நாங்கள் செய்வது கப்ளர். லாரியின் பின்விளக்கு, இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாவற்றின் ஒயர்களையும் சேர்த்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் கூடு. ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இரண்டு பாதிகள். கையில் எடுத்துப் பார்த்தால் இதில் என்ன பெரிய வேலை என்று தோன்றும். என் மாமனாருக்கு இருபது வருடமாக அப்படித்தான் தோன்றுகிறது. மோகனா கம்ப்யூட்டரில் வரைவாள். அதை இரும்பில் அச்சாக வெட்டுவது குருமூர்த்தி என்கிற நான். அந்த அச்சுக்குள் உருகிய நைலான் போய் உறைந்தால் கப்ளர். அவள் வரைந்ததைவிட முடியின் கனத்தில் பாதி கூடினாலும் இரண்டு பாதியும் முட்டிக்கொள்ளும், குறைந்தாலும் லொடலொடக்கும். அச்சைத் திருப்பித் திருப்பி என்னிடமே அனுப்புவாள். நானும் திட்டிக்கொண்டே தேய்ப்பேன்.

அவளுக்குச் சொந்த ஊர் ஜலகண்டாபுரம். வீட்டுக்குள்ளேயே எட்டு விசைத்தறி. பதினாலு வயதிலிருந்து பள்ளிக்கூடம் போகும் முன்னும் வந்த பின்னும் தறியில் நின்றவள். பன்னிரண்டாவது முடித்து நாலு வருடம் முழுநேரமும் அதே வேலை. பிறகுதான் பாலிடெக்னிக். எட்டு தறியும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. அதனால் தறிக்காரர்கள் உதட்டாலேயே பேசிக்கொள்வார்கள். நூல் அறுந்தது, சோறு வந்துவிட்டது, மாமியார் வருகிறாள் என்று எல்லாச் சேதியும் சத்தமில்லாமல் தறிக்குத் தறி போகும். அந்த வித்தையை அவளுக்குக் கொடுத்த தறிதான் காதையும் எடுத்துக்கொண்டது. பாலிடெக்னிக்கில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து வாத்தியார் உதட்டைப் பார்த்தே படித்து முடித்திருக்கிறாள்.

இங்கே வேலைக்கு வந்த அன்று எங்கள் முதலாளி சண்முகவேல் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார். அவருக்கு மீசை கிடையாது, தப்பித்தாள். எனக்கு இருந்தது, மேலுதட்டையே மூடுகிற மீசை. நான் பேசினால் மட்டும் அவள் இரண்டு தடவை கேட்பாள். ஒரு பங்குனியில் அதைக் கத்தரித்துவிட்டேன். வீட்டில் கேட்டதற்கு வெயில் தாங்கவில்லை என்று சொன்னேன்.

மாதிரிக் கப்ளர் ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் உண்டு. நீளம், அகலம், அழுத்த வேண்டிய பலம் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தால் கடைசி வரி, 'பூட்டும் சத்தம் கேட்டதா?' என்று இருக்கும். இரண்டு பாதியும் முழுதாகச் சேரும்போது டக்கென்று ஒரு சத்தம் வர வேண்டும் என்பது கப்ளர் உலகத்தின் சட்டம். மோகனா இரண்டு பாதியையும் அழுத்தும்போது என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையாட்டினால் 'கேட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். இதை நாங்கள் ஒரு நாளும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. பதினோரு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

போன வருடம் ஓசூரிலிருந்து ஒரு பெரிய ஒயரிங் கம்பெனி எங்களிடம் புதிய கப்ளர் கேட்டது. பழைய கப்ளரின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆண் பாதியின் முதுகில் ஒரு நாக்கு இருக்கும். பெண் பாதியின் கூரையில் ஒரு ஜன்னல் இருக்கும். உள்ளே தள்ளினால் நாக்கு வளைந்து போய், ஜன்னல் வந்ததும் நிமிர்ந்து மாட்டிக்கொள்ளும். ஆனால் அந்த நாக்கு முரட்டு நாக்கு. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற செட்டுகளில் எலக்ட்ரீஷியன்கள் தள்ளிப் பார்த்துக் கை வலித்து, பிளேடால் நாக்கைச் சீவிவிட்டுச் சொருகுவார்கள். மேலே கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டால் முடிந்தது வேலை. நூறு கிலோமீட்டர் போனதும் கழன்றுகொள்ளும். பின்னால் வருகிறவனுக்கு முன்னால் லாரி நிற்பதே தெரியாது.

மோகனா மூன்று மாதம் வரைந்தாள். நாக்கை நீளமாக்கி மெல்லிசாக்கினாள். இரண்டு விரலால் தள்ளினாலே போய்விடும். இன்னொன்றும் செய்தாள். நாக்கு ஜன்னலுக்குள் நிமிர்ந்து உட்கார்ந்ததும் அதன் மேல்பக்கம் கூரையோடு சமமாக வந்துவிடும்படி அளவு வைத்தாள். பூட்டியிருந்தால் மேலே தடவுகிற விரல் வழுக்கிக்கொண்டு போகும். பூட்டவில்லை என்றால் ஜன்னல் இருக்கிற இடத்தில் குழி தட்டும். அந்தச் சமம் வருவதற்காக நான் அச்சை ஏழு தடவை தேய்த்தேன். ஏழாவது தடவை அவளைக் கேட்கக்கூடாத வார்த்தையெல்லாம் கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மாதிரி தயாரான அன்று அவள் வழக்கம்போல அழுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பக்கத்தில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் வேறு எதையோ நினைத்தபடி தலையாட்டினேன்.

ஜெகதீஸ்வரன் என்பவர் ஓசூர் கம்பெனியின் தரப் பிரிவு அதிகாரி. வெள்ளைச் சட்டை, அளந்து பேசுகிற மனிதர். மாதிரிகளை முதலாளி அறையில் எங்கள் மூவர் முன்னாலும் வைத்து ஒவ்வொன்றாக அழுத்தினார். ஏசி அறை, மெஷின் சத்தமே இல்லை. ஆறாவது மாதிரிக்குப் பிறகு கப்ளரைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அழுத்தினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெல்லிய நாக்குக்கு ஏது சத்தம்? கிட்டத்தில் கேட்டால் 'ட்' என்று இருக்கிறது, அவ்வளவுதான்.

சத்தம் கேட்டது என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறதே, அது யார் என்று கேட்டார். மாதிரி தேறாவிட்டால் புது அச்சுக்கு இரண்டு மாதம் ஆகும், அதற்குள் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். அது முதலாளியின் கவலை. மோகனாவின் நிலைமை அதைவிட மோசம். கேட்காததைக் கேட்டேன் என்று எழுதிய டிசைனரை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்?

அவள் எழுந்து நின்றாள்.

"கையெழுத்து என்னுதுங்க சார். ஆனா எனக்குச் சத்தம் கேக்காதுங்க. இது மட்டுமில்லீங்க, எந்தக் கப்ளர் சத்தமும் இதுவரைக்கும் கேட்டதில்லீங்க."

முதலாளி அவளையே பார்த்தார். பதினோரு வருடம் எதிரே உட்கார்ந்து பேசிய மனிதருக்கு அது இப்போதுதான் தெரிகிறது. அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் என் பேரைச் சொல்லவே மாட்டாள் என்று தெரிந்தபோது அது இன்னும் கூடியது.

"நாந்தானுங்க தலையாட்டுனது," என்றேன். "காதுல வாங்காமயே ஆட்டிப்போட்டேன். அம்மிணி மேல தப்பில்லீங்க."

அவள் என் உதட்டைப் படித்துவிட்டு இல்லை என்று தலையசைத்தாள். பிறகு ஜெகதீஸ்வரனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். இந்த அறையில் எந்த லாரியும் நிற்பதில்லை, லாரி நிற்கிற இடத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தள்ளுபடி செய்யுங்கள் என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாமக்கல் வழியாகத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும் என்பதாலோ என்னவோ, சரி என்றார்.

நாமக்கல்லில் நாங்கள் போன செட்டில் மூன்று லாரிகளுக்குப் பாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். வெல்டிங் ஒரு பக்கம், தகட்டைச் சுத்தியலால் அடிப்பது ஒரு பக்கம், ஜெனரேட்டர் ஒரு பக்கம். எனக்கே காது அடைத்துக்கொண்டது. மோகனா மட்டும் நிம்மதியாக நின்றாள், சொந்த வீட்டுக்கு வந்தவள் மாதிரி. அங்கே அவளுக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அந்தச் செட்டு எலக்ட்ரீஷியன் குமரன், முப்பது வயதிருக்கும். சேஸிஸுக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கையை மேலே நீட்டி வேலை செய்கிறவன். கப்ளர் இருக்கிற இடம் அவன் கண்ணுக்கே தெரியாது. ஜெகதீஸ்வரன் பழைய கப்ளரில் ஐந்து, புதியதில் ஐந்து எடுத்தார். சிலதை முழுதாகப் பூட்டி, சிலதை அரைகுறையாகச் சொருகி, அவரே குறித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக என்னை அடியில் கட்டச் சொன்னார். எது பூட்டியிருக்கிறது, எது இல்லை என்று குமரன் சொல்ல வேண்டும்.

பழையதில் இரண்டைத் தப்பாகச் சொன்னான். ஒன்றை இழுத்துப் பார்த்து ஒயரையே பிடுங்கிவிட்டான். புதியதுக்கு வந்ததும் கட்டைவிரலை ஒரு தடவை மேலே ஓட்டினான். ஐந்தையும் சரியாகச் சொன்னான், ஒன்றுக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. வெளியே தலையை நீட்டி மோகனாவைப் பார்த்து எண்ணெய்க் கையை ஆட்டினான்.

"இது யாருங்க பண்ணுனது? எங்கூட அடியில படுத்துப் பாத்தவங்க பண்ணுன மாதிரி இருக்குதுங்க."

எனக்குக் கண் கலங்கியது. கலங்கியதை ஒளிக்க வேண்டிய அவசியமும் இல்லை, அங்கே வெல்டிங் புகையில் எல்லாருக்கும் அப்படித்தான் இருந்தது.

ஜெகதீஸ்வரன் குறிப்பைப் பையில் வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, அந்த வெள்ளைச் சட்டையோடு லாரிக்கு அடியில் போய்ப் படுத்தார். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான். குமரன் மாற்றி மாற்றிக் கட்ட, அவர் விரலால் தடவிச் சொன்னார். எல்லாமே சரி. எழுந்து வந்து முதுகைத் தட்டிக்கொண்டு, சத்தம் வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம், அதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை, பார்த்ததை எழுதி மேலே அனுப்புகிறேன் என்றார். மோகனாவுக்கு நேராகத் திரும்பி நின்று மெதுவாகத்தான் அதைச் சொன்னார்.

காரில் முதலாளியோடு திரும்பினோம். பட்டறை வந்ததும் இறங்கி, அவள் முன்னால் வந்து நின்றார்.

"முன்னயே சொல்லியிருக்கலாமில்ல, சாமி."

"சொன்னா வேலை போயிருமோன்னு பயமுங்க," என்றாள்.

போயிருக்குமா என்று அவர் தனக்குள்ளேயே யோசித்தது முகத்தில் தெரிந்தது. போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவரும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

மூன்று வாரம் பதிலில்லை. அந்த மூன்று வாரமும் மோகனா தினமும் வந்தாள், வரைந்தாள், சாப்பிட்டாள். மேசை இழுப்பறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்வதை நான் பார்த்தேன். ஸ்கேல், பழைய மாதிரிகள், சாமி படம் ஒவ்வொன்றாக வீட்டுக்குப் போயின. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியாததால் மெஷின்காரப் பையன்களை விரட்டிக்கொண்டிருந்தேன்.

பதில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. மாதிரி தேறிவிட்டது. நாக்கின் நுனியை மட்டும் இம்மி கூட்டிச் சத்தத்தைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும் என்று கேட்டிருந்தார்கள், ஒரு நாள் வேலை. படிவமும் புதியதாக வந்திருந்தது. கடைசி வரிக்குக் கீழே இன்னொரு வரி: 'விரலால் தடவும்போது குழி தட்டுகிறதா?' அந்த வரிக்கு மோகனாவின் கையெழுத்து, சத்தத்துக்கு என் கையெழுத்து என்று முதலாளி முடிவு செய்தார். இப்போதெல்லாம் கையெழுத்துக்கு முன் நான் கிரைண்டரை நிறுத்தச் சொல்கிறேன். சாமி படம் மட்டும் மேசைக்குத் திரும்பி வந்தது, மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும் என்றுவிட்டாள்.

ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை என்று ஆனபிறகு அவள் சேலத்துக்குப் போய்க் காதைக் காட்டினாள். மறைக்கிறவள் எப்படி டாக்டரிடம் போவாள்? அதனால்தான் அத்தனை வருடமும் போகவில்லை. காதுக் கருவியோடு வந்த முதல் நாள் ஏர் கம்ப்ரஸரைப் பார்த்து முகம் சுளித்தாள். நான் இவ்வளவு சத்தமாகத் திட்டுகிறவன் என்று தனக்குத் தெரியாது என்றாள்.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள், மெஷின்கள் நின்றிருந்தன. அவள் புதுக் கப்ளர் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். இரண்டு பாதியையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்க்காமல் அழுத்தினாள்.

கண்ணைத் திறக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"இத்தனூண்டு சத்தத்துக்காங்ணா நான் இத்தனை வருசம் பயந்துட்டுக் கெடந்தேன்?"

சிரித்தாள், கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. பிறகு கழற்றினாள், மறுபடி அழுத்தினாள். நான் என் சோற்றுப் போசியைத் திறக்காமல், அவள் போதும் என்கிறவரை கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.