ஓடாத காருக்கு ஆயுத பூஜை

கந்தப்பளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் உள்ள பழைய துரை பங்களா இப்போது ஹோட்டல். வாசலில் காட்சிக்காக ஒரு கறுப்பு அமெரிக்கக் காரை நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கு எஞ்சினே கிடையாது. ஹோட்டல் வேன் டிரைவரான நான்தான் அதன் கதையை விருந்தினருக்குச் சொல்ல வேண்டும். எல்லாம் ஃபோனில் படித்ததுதான்.

அந்தக் காரைச் செய்த கம்பெனியின் தொழிற்சாலையில் வேலையாள் நின்ற இடத்திலேயே நிற்பானாம். கார் நகர்ந்து அவனிடம் வருமாம். தேயிலைக் கொழுந்தைத் தேடி மலையேறி இறங்கிய குடும்பம் எங்களுடையது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். நானும் ஓடாத ஒரு காரின் பக்கத்தில் நின்றுகொண்டுதானே இருக்கிறேன்.

போன ஆயுத பூஜையன்று எங்கள் வேனின் டயர்களுக்கு முன்னால் பூசாரி எலுமிச்சம்பழம் வைத்தார். நான் ஏற்றி நசுக்கினேன். அதே வேகத்தில் அவர் கறுப்புக் காருக்கும் நான்கு பழம் வைத்துவிட்டார். வைத்த பழம் நசுங்காமல் கிடக்கக் கூடாது என்பார்கள்.

“அது ஓடாத வண்டிங்க, பழத்த எடுத்துடுங்க” என்றார் மேனேஜர்.

எனக்குப் பொறுக்கவில்லை. காருக்குள் ஏறி உட்கார்ந்து, “தள்ளுங்கப்பா!” என்றேன். தோட்டவேலைக்காரர்கள் இருவர் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். பழங்கள் நசுங்கின. கார் நிற்காமல் சரிவில் இறங்கி, ரோஜாப் பாத்தியைத் தாண்டி, தேயிலைச் செடிகளில் மோதி நின்றது.

மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்தார். “பிரேக் வேல செய்யலையா?”

“வேல செய்யலைங்க சேர்” என்றேன்.

முந்தின வாரம்தான் அந்த பிரேக்கை நானே சரிசெய்திருந்தேன். மிதிக்கத்தான் மனம் வரவில்லை.